சைக்கிள் பயணத்தைத் திறன்பேசியில் பதிவு செய்யலாம்: மூத்தோருக்கான ஜிபிஎஸ் வழிகாட்டி

சைக்கிளோட்டுவது மூத்தோருக்கு ஏற்ற உடற்பயிற்சிகளில் ஒன்று. உடல் எடையின் பெரும்பகுதியை இருக்கை தாங்கிக்கொள்வதால், நடக்கும்போது முழங்காலில் வலி காணும் பலராலும் சைக்கிளை மிதிக்க முடிகிறது. கிழக்குக் கடற்கரைப் பூங்காவிலும் பொங்கோல் நீர்வழிப் பூங்காவிலும் காலை நேரத்தில் சைக்கிளோட்டும் மூத்தோரைத் தினமும் காணலாம்.

அவர்களில் பெரும்பாலோரிடம் திறன்பேசி இருக்கிறது. அதிலுள்ள ஜிபிஎஸ் வசதியைக் கொண்டு எந்த வழியாகச் சென்றோம், எவ்வளவு தூரம் ஓட்டினோம், எத்தனை நிமிடங்கள் மிதித்தோம் என்பதை வரைபடத்தோடு பதிவு செய்துகொள்ளலாம். இளையர்கள் இதை வேகத்தைக் கூட்டப் பயன்படுத்துகிறார்கள். மூத்தோருக்கு இதன் பயன் வேறு. உங்கள் உடல்நிலையில் மெல்ல ஏற்படும் மாற்றத்தை நீங்களும் உங்கள் மருத்துவரும் கவனிக்க இந்தப் பதிவு உதவும். நீங்கள் தனியாகச் செல்லும்போது எங்கே இருக்கிறீர்கள் என்பதை வீட்டிலிருப்பவர்கள் தெரிந்துகொள்ளவும் ஜிபிஎஸ் உதவும். இவ்விரண்டையும் எளிதாகச் செய்துகொள்ளும் முறையை இக்கையேடு விளக்குகிறது.

ஜிபிஎஸ் எவ்வாறு செயல்படுகிறது?

பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் 24க்கும் மேற்பட்ட ஜிபிஎஸ் துணைக்கோளங்கள் சுற்றிவருகின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் வானொலி அலைகள் மூலம் இடைவிடாமல் அனுப்புகிறது. அந்தச் சமிக்ஞை உங்கள் திறன்பேசியை வந்தடைய ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆவதில்லை. குறைந்தது நான்கு துணைக்கோளங்களின் சமிக்ஞை கிடைத்தால், அவை வந்துசேர்ந்த நேரத்தை ஒப்பிட்டு, நீங்கள் நிற்கும் இடத்தைத் திறன்பேசி கணக்கிட்டுவிடும்.

சைக்கிள் செயலி இந்தக் கணக்கைச் சில வினாடிகளுக்கு ஒருமுறை செய்து, ஒவ்வொரு முறையும் வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்கிறது. புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் உங்கள் பயணப் பாதை கிடைத்துவிடுகிறது. கோட்டின் நீளமே தூரம். அந்தத் தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம்.

திறந்தவெளியில் திறன்பேசி காட்டும் இடம் சுமார் 5 மீட்டர் வரை விலகியிருக்கலாம். உயரமான அடுக்குமாடி வீடுகளுக்கு இடையில் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்புவதால் விலகல் அதிகமாகும். எம்ஆர்டி மேம்பாலத்தின் அடியிலும் சுரங்கப்பாதையிலும் சமிக்ஞை விட்டுப்போகலாம். அப்போது வரைபடத்தில் கோடு கட்டடத்தின் மேலோ கால்வாயின் மேலோ செல்வதுபோல் தெரியும். உங்கள் திறன்பேசி கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். ஒரே பாதையை இரு நண்பர்கள் சேர்ந்து ஓட்டினாலும் ஒருவர் பதிவில் 12.0 கிலோமீட்டரும் மற்றவர் பதிவில் 12.3 கிலோமீட்டரும் இருப்பது வழக்கம்தான்.

செயலியைத் தேர்ந்தெடுத்தல்

ஸ்ட்ராவா, மேப்மைரைடு, ரைடு வித் ஜிபிஎஸ், கோமூட் முதலிய பல செயலிகள் உள்ளன. திறன்கடிகாரம் அணிபவர்களுக்கு அதிலேயே சைக்கிள் பயிற்சியைப் பதிவு செய்யும் வசதி இருக்கக்கூடும். இவற்றில் எதையும் நாங்கள் தனிப்பட்ட முறையில் பரிந்துரைக்கவில்லை. உங்கள் பிள்ளைகளோ நண்பர்களோ ஏற்கெனவே பயன்படுத்தும் செயலியைத் தேர்ந்தெடுத்தால், சந்தேகம் வரும்போது கேட்டுத் தெரிந்துகொள்வது எளிது.

செயலியை ஆப் ஸ்டோர் அல்லது கூகல் பிளே தளத்திலிருந்து மட்டுமே பதிவிறக்கம் செய்யுங்கள். குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ வரும் இணைப்பைத் தட்டிச் செயலிகளை நிறுவ வேண்டாம். மோசடிக்காரர்கள் இந்த வழியாகத்தான் வங்கி விவரங்களைத் திருடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள்.

செயலியைத் திறந்ததும் கட்டணச் சேவையில் சேரும்படி கேட்கலாம். தூரம், நேரம், வரைபடம் ஆகிய மூன்றையும் பார்க்கப் பெரும்பாலும் இலவசச் சேவையே போதும். "முதல் மாதம் இலவசம்" என்பதை ஏற்று வங்கி அட்டை எண்ணைக் கொடுத்தால், அடுத்த மாதம் முதல் பணம் தானாகக் கழிக்கப்படலாம்.

முதல் பயணம்: படிப்படியாக

முதல் பயணத்திற்கு உங்களுக்கு நன்கு பழக்கமான, குறுகிய பாதையைத் தேர்ந்தெடுங்கள்.

1. திறன்பேசிக்கு முழுமையாக மின்னூட்டம் செய்யுங்கள். ஜிபிஎஸ் தொடர்ந்து இயங்கும்போது மின்கலம் வழக்கத்தைவிட விரைவாகக் குறையும்.

2. செயலி உங்கள் இருப்பிடத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்கும். செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும் அனுமதிக்கும் தெரிவு பெரும்பாலும் போதும். திரை அணைந்தவுடன் பதிவு நின்றுவிட்டால், அமைப்புப் பகுதியில் அந்த அனுமதியை மாற்ற வேண்டியிருக்கும்.

3. விளையாட்டு வகையில் சைக்கிளைத் தேர்ந்தெடுங்கள். ஓட்டம் அல்லது நடை என்று இருந்தால் கணக்குகள் மாறிவிடும்.

4. புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்து வெளியே வந்து, வானம் தெரியும் இடத்தில் அரை நிமிடம் நில்லுங்கள். ஜிபிஎஸ் கிடைத்துவிட்டதாகத் திரை காட்டியதும் "ஸ்டார்ட்" பொத்தானை அழுத்துங்கள்.

5. திரையை அணைத்து, திறன்பேசியை மூடிபோட்ட பையிலோ கைப்பிடியில் பொருத்தும் தாங்கியிலோ வையுங்கள். திரை அணைந்திருந்தாலும் பதிவு நடந்துகொண்டிருக்கும்.

6. இளைப்பாற நிற்கும்போது எதையும் அழுத்தத் தேவையில்லை. நீங்கள் நின்றதைப் பல செயலிகள் தாமாகவே கண்டுகொள்ளும்.

7. வீடு திரும்பியதும் "ஃபினிஷ்" பொத்தானையும் பிறகு "சேவ்" பொத்தானையும் அழுத்துங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மறந்துவிட்டுப் பேருந்தில் ஏறினால், நீங்கள் 50 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஓட்டியதாகப் பதிவாகிவிடும்!

செயலியை அமைக்க உதவி தேவைப்பட்டால், சமூக மன்றங்களிலும் பொது நூலகங்களிலும் உள்ள எஸ்ஜி டிஜிட்டல் நிலையங்களை நாடலாம். அங்குள்ள மின்னிலக்கத் தூதர்கள் இலவசமாகச் சொல்லித்தருவார்கள்.

பதிவை எப்படிப் படிப்பது?

பயணம் முடிந்ததும் திரையில் பல எண்கள் தோன்றும். அவற்றில் மூன்றைக் கவனித்தால் போதும்.

மொத்த நேரம்: "ஸ்டார்ட்" அழுத்தியது முதல் "ஃபினிஷ்" அழுத்தியது வரை ஆன நேரம்.

ஓட்டிய நேரம்: சைக்கிள் உண்மையில் நகர்ந்துகொண்டிருந்த நேரம். உடற்பயிற்சிக் கணக்கில் இதையே சேர்க்க வேண்டும்.

தூரம்: வரைபடத்தில் உள்ள கோட்டின் நீளம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். மரின் பரேட் பக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைப் பூங்காவிற்குள் சென்று, 12 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்புகிறீர்கள். மொத்த நேரம் 70 நிமிடம். பிடோக் படகுத்துறை அருகே 20 நிமிடம் அமர்ந்து காற்று வாங்கியிருக்கிறீர்கள். ஆகவே ஓட்டிய நேரம் 50 நிமிடம். சராசரி வேகம் மணிக்கு 14.4 கிலோமீட்டர். இப்படி வாரத்திற்கு மூன்று முறை சென்றால் 150 நிமிடங்கள் ஆகிவிடும்.

மூத்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடற்பயிற்சி செய்வது நல்லது. "மிதமான" என்றால் என்ன? ஓட்டிக்கொண்டே பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். பாட்டே பாட முடிந்தால் சற்று வேகமாக மிதிக்கலாம். பேசவே முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். இந்தச் சோதனைக்கு எந்தச் செயலியும் தேவையில்லை.

செயலி காட்டும் கலோரி எண் ஒரு தோராயமான மதிப்பீடுதான். அதை நம்பி, பயணம் முடிந்ததும் கூடுதலாக ஒரு பரோட்டா சாப்பிட வேண்டாம்.

சைக்கிளோட்டுவது இதயத்திற்கும் நுரையீரலுக்கும் தொடைத் தசைகளுக்கும் நல்லது. ஆனால் உடல் எடையை இருக்கை தாங்குவதால், எலும்புகளுக்குக் கிடைக்கும் பயிற்சி குறைவு. ஆகவே நடைப்பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள். தசைகளை வலுவாக்கும் பயிற்சிகளையும் உடல் சமநிலைப் பயிற்சிகளையும் வாரத்தில் மூன்று நாளாவது செய்யுங்கள்.

உங்கள் பதிவை மருத்துவரிடம் காட்டுங்கள்

மருத்துவர் "உடற்பயிற்சி செய்கிறீர்களா?" என்று கேட்டால், நம்மில் பலர் "செய்கிறேன், டாக்டர்" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். பதிவு இருந்தால், கடந்த மாதம் எத்தனை நாள், எத்தனை நிமிடம் என்று சரியாகச் சொல்ல முடியும். மருந்தின் அளவை முடிவு செய்யும் மருத்துவருக்கு அது பயனுள்ள தகவல்.

இதைவிட முக்கியமான பயன் ஒன்று உண்டு. உடல் மெல்ல மெல்லத் தளரும்போது நமக்கு அது தெரிவதில்லை. "வயதாகிவிட்டது" என்று எண்ணிக்கொண்டு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறோம். மாதம் ஒருமுறை ஒரே பாதையை, ஒரே நேரத்தில், வழக்கமான வேகத்தில் ஓட்டி, அந்தப் பதிவுகளை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். 50 நிமிடத்தில் முடிந்த பாதைக்கு இப்போது 60 நிமிடம் ஆகிறதா? முன்பு நிற்காமல் ஏறிய மேட்டில் இப்போது நிற்க வேண்டியிருக்கிறதா?

ஒரு நாள் மெதுவாக ஓட்டியதற்காகக் கவலைப்பட வேண்டாம். வெயில், தூக்கமின்மை, எதிர்க்காற்று எல்லாம் நேரத்தைக் கூட்டும். டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது, கிழக்குக் கடற்கரையிலிருந்து சாங்கி நோக்கி மிதிப்பது கடினம். திரும்பும்போது அதே காற்று தள்ளிவிடும். ஆனால் மூன்று, நான்கு பயணங்களில் தொடர்ந்து நேரம் கூடுவதோடு, மூச்சு வாங்குவது, கால் வீக்கம், வழக்கத்திற்கு மாறான களைப்பு ஆகியவையும் இருந்தால், அடுத்த மருத்துவச் சந்திப்பு வரை காத்திராமல் உங்கள் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள்.

இரண்டு விஷயங்களை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதயத் துடிப்பு: பிசோப்ரோலோல், அட்டனோலோல் போன்ற மருந்துகள் இதயத் துடிப்பைக் குறைத்துவைக்கும். அவற்றை உட்கொள்பவர்களுக்குத் திறன்கடிகாரம் காட்டும் "இலக்குத் துடிப்பு" பொருந்தாது. அந்த எண்ணை எட்டுவதற்காக வலிந்து மிதிக்க வேண்டாம்.

நீரிழிவு: இன்சுலின் அல்லது கிளிபிசைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளை எடுத்துக்கொள்பவர்களுக்கு, நீண்ட பயணத்தில் ரத்தச் சர்க்கரை மிகவும் குறைந்துவிடக்கூடும். எப்போது சாப்பிடுவது, எப்போது ஓட்டுவது என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் இனிப்பு மிட்டாய் இருக்கட்டும்.

தனியாகச் செல்லும்போது

அதிகாலையில் தனியாகச் சைக்கிளோட்டும் மூத்தோர் பலர். வீட்டில் உள்ளவர்கள் எழுவதற்குள் திரும்பிவிடலாம் என்று யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டுவிடுகிறார்கள். வழியில் விழுந்தாலோ நெஞ்சு வலி வந்தாலோ, அவரை எங்கே தேடுவது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

புறப்படுமுன் ஒரு நிமிடம் செலவிட்டால் போதும். வாட்ஸ்அப்பில் உங்கள் மகள், மகன் அல்லது நண்பருடன் உரையாடும் பக்கத்தைத் திறந்து, இருப்பிடத்தை நேரலையாகப் பகிரும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று தெரிவுகள் வரும். உங்கள் பயணம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும் என்றால் 8 மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்து, வீடு வந்ததும் நிறுத்திவிடலாம். சில சைக்கிள் செயலிகளிலும் இதே போன்ற வசதி உண்டு. இதற்கு மட்டும் இணையத் தரவு தேவை.

புள்ளி நகராமல் நிற்பதைக் கண்டு பிள்ளைகள் பதறக்கூடும். நீங்கள் காப்பி குடித்துக்கொண்டிருக்கலாம். திறன்பேசியின் மின்கலம் தீர்ந்திருக்கலாம். ஆகவே திரும்பும் நேரத்தையும் முன்பே சொல்லிவிடுங்கள். "எட்டரைக்குள் வந்துவிடுவேன். ஒன்பது மணிக்கும் வராவிட்டால் கூப்பிடு. எடுக்காவிட்டால் தேடி வா" என்று பேசிவைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நிம்மதி.

நெஞ்சு வலி, நெஞ்சு இறுக்கம், மயக்கம், கடுமையான மூச்சுத் திணறல், கை கால் திடீரெனச் செயலிழப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நின்று 995ஐ அழையுங்கள். "பூங்காவில் இருக்கிறேன்" என்று மட்டும் சொன்னால் இடத்தைக் கண்டுபிடிப்பது சிரமம். அருகில் உள்ள விளக்குக் கம்பத்தின் எண்ணையோ கார் நிறுத்துமிடத்தின் எழுத்தையும் எண்ணையுமோ சொல்லுங்கள். சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பான்டர் செயலி வழியாக 995ஐ அழைத்தால், உங்கள் இருப்பிடமும் அவர்களுக்குச் சேர்ந்து கிடைக்கும்.

திறன்பேசியில் அவசரகால மருத்துவத் தகவல் என்ற பகுதியை நிரப்பிவையுங்கள். திரை பூட்டியிருந்தாலும் மற்றவர்கள் அதைத் திறந்து படிக்க முடியும். உங்கள் நோய்கள், ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்துகள், வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள் அதைத் தவறாமல் குறிப்பிட வேண்டும். அவர்கள் விழுந்து தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உங்கள் வீடு எங்கே என்று எல்லாருக்கும் காட்ட வேண்டாம்

வரைபடக் கோடு தினமும் ஒரே புளோக்கில் தொடங்கி அங்கேயே முடிந்தால், அதைப் பார்ப்பவர் உங்கள் வீடு எங்கே, நீங்கள் எந்த நேரத்தில் வெளியே போகிறீர்கள் என்று எளிதில் தெரிந்துகொள்வார். பெயர் இல்லாத வரைபடம்கூட விவரங்களை வெளிப்படுத்திவிடும். ஸ்ட்ராவா நிறுவனம் 2017ல் உலகெங்கும் உள்ள பயனாளர்களின் பாதைகளைத் தொகுத்து ஒரு வரைபடம் வெளியிட்டது. வெளிநாடுகளில் இருந்த ராணுவ முகாம்களின் அமைப்பு அதில் தெரிந்தது 2018 ஜனவரியில் உலகச் செய்தியானது.

செயலியின் தனியுரிமைப் பகுதியில், உங்கள் பயணங்களை யாரெல்லாம் பார்க்கலாம் என்று தேர்ந்தெடுக்கலாம். "நான் மட்டும்" அல்லது "என்னைப் பின்தொடர்பவர்கள் மட்டும்" என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மறைக்கும் வசதி இருந்தால் அதையும் இயக்குங்கள்.

பாதையில் நினைவில் கொள்ள வேண்டியவை

• சைக்கிளோட்டும்போது திறன்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்றால், ஓரமாக நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

• நடைபாதையில் அதிகபட்ச வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர். சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25 கிலோமீட்டர். பாதசாரிகளுக்கு மட்டும் என்று குறிக்கப்பட்ட பாதைகளில் சைக்கிளோட்டக் கூடாது.

• சாலையில் ஓட்டும்போது தலைக்கவசம் கட்டாயம். பூங்காவிலும் அணிவதே நல்லது.

• இருட்டில் முன்புறம் வெள்ளை விளக்கும் பின்புறம் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும்.

• சில செயலிகள், ஒரே பாதையில் ஓட்டியவர்களின் நேரத்தை வரிசைப்படுத்திக் காட்டும். குழந்தைகளும் நடப்பவர்களும் உள்ள பாதையில் அந்த வரிசைக்காகப் போட்டி போட வேண்டாம். அந்த அறிவிப்புகளை நிறுத்திவைக்கலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையத் தரவு இல்லாமல் ஜிபிஎஸ் வேலை செய்யுமா?
செய்யும். திறன்பேசி துணைக்கோளச் சமிக்ஞையை வாங்கிக்கொள்கிறதே தவிர எதையும் திருப்பி அனுப்புவதில்லை. தரவு இல்லாதபோது பின்னணி வரைபடம் தெரியாமல் போகலாம். உங்கள் பாதை பதிவாகிக்கொண்டிருக்கும்.

புலாவ் உபினில் பயன்படுத்தலாமா?
பயன்படுத்தலாம். ஆனால் தீவின் சில இடங்களில் திறன்பேசி மலேசியத் தொலைபேசிக் கட்டமைப்பைப் பிடித்துக்கொள்ளும். வெளிநாட்டுத் தரவுக் கட்டணத்தைத் தவிர்க்க, படகு ஏறுமுன் வெளிநாட்டுத் தரவுச் சேவையை நிறுத்திவிடுங்கள்.

காலடிகளைக் கணக்கிடும் பட்டை அணிகிறேன். அது போதாதா?
அது கையின் அசைவைக் கொண்டு காலடிகளை எண்ணுகிறது. சைக்கிளில் கை அசையாமல் கைப்பிடியைப் பிடித்திருப்பதால், ஒரு மணி நேரம் மிதித்தாலும் அது மிகக் குறைவாகவே காட்டக்கூடும். சைக்கிள் பயணத்தைத் தனியாகப் பதிவு செய்வது நல்லது.

பல ஆண்டுகளாகச் சைக்கிளோட்டவில்லை. இப்போது தொடங்கலாமா?
தொடங்கலாம். இதய நோய், கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம், தலைச்சுற்றல், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். நின்றால் இரு பாதங்களும் தரையில் படும்படி இருக்கையைத் தாழ்த்திக்கொண்டு, ஆள் நடமாட்டம் குறைந்த சமதளப் பாதையில் 10 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பழகிய பிறகு நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

புறப்படுமுன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

• பிரேக், டயர் காற்று, விளக்கு, மணி
• தலைக்கவசம், தண்ணீர், மிட்டாய்
• மின்னூட்டம் செய்த திறன்பேசி
• மழை, இடி மின்னல் பற்றிய வானிலைத் தகவல்
• வீட்டாரிடம் சொன்ன பாதையும் திரும்பும் நேரமும்
• நேரலையில் பகிர்ந்த இருப்பிடம்
• "ஸ்டார்ட்" அழுத்திவிட்டீர்களா?

இந்தப் பக்கத்தை வெட்டி, சைக்கிள் வைக்கும் இடத்திற்கு அருகில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம். உங்களோடு சைக்கிளோட்டும் நண்பர்களுக்கும் கையேட்டைப் படிக்கக் கொடுங்கள்.